சிறுத்தை காட்டுகிறேன் என்று சொல்லாதீர்கள்

வில்பத்துக் காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக விரும்புகிறோம், கையில் காசு அதிகம் இல்லை, எப்படிப் போய்வரலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். தீவுப் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதாக வந்தவர்கள் வழக்கமான கீரிமலைக் கேணியோடு நின்றுவிடாமல் அவ்வளவு தூரம் யோசிக்கிறீர்களே என்று எனக்குச் சந்தோஷம். நான் ஊர்காவற்றுறையில் பூமிசாத்திரம் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவள். நாலு முறை பிள்ளைகளை அந்தக் காட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். முதல் முறை போனது எழுபதுகளின் தொடக்கத்தில். அதில் நான் ஒரு பிழை விட்டேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொல்வது சரியில்லை. ஆனாலும் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வாடகை பஸ்ஸை மறந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து ரயிலில் அனுராதபுரம், அங்கிருந்து புத்தளம் போகும் பஸ், காட்டுக்குத் திரும்பும் சந்தியில் இறக்கம். பள்ளிக்கூடக் கடிதம் காட்டினால் ரயிலில் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. விடுதியும் வேண்டாம். சந்திக்குக் கிட்ட உள்ள ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். ஓகஸ்ட் விடுமுறையில் அவர்களுடைய மண்டபம் சும்மாதான் கிடக்கும். பாய் கொண்டுபோங்கள், போகும்போது கூட்டிக் கழுவிவிட்டுப் போங்கள், அடுத்த முறையும் தருவார்கள். ஓகஸ்ட் இன்னொரு விதத்திலும் நல்லது. அந்தக் காட்டில் மழைத் தண்ணீர் தேங்கும் பெரிய இயற்கைக் குளங்கள் உண்டு. வில்லு என்பார்கள். வெயில் காலத்தில் மற்ற இடமெல்லாம் வற்ற, மிருகங்கள் வில்லுக்குத் தண்ணீர் தேடி வரும். சனி ஞாயிறில் போகாதீர்கள், கொழும்புக் கார்கள் வந்து குவியும்.

சாப்பாடு வீட்டில் இருந்தே போகட்டும். நாங்கள் போன காலத்தில் அரிசித் தட்டுப்பாடு, ஒரு பக்கத்து அரிசியை இன்னொரு பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள், வழியில் மறித்துப் பார்ப்பார்கள். அதனால் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், எள்ளுருண்டை, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு வறுத்த மா என்று ஒரு சாக்கு நிறையக் கட்டினோம். புழுக்கொடியலைக் கடித்துக்கொண்டிருக்கிற பிள்ளை பசியென்றும் சொல்லாது, காட்டுக்குள் சத்தமும் போடாது. பொரித்த கருவாடு மட்டும் வேண்டாம். ஒரு தாய் ஆசையோடு கட்டிவிட்டதைக் குரங்குகள் சாக்கோடு இழுத்துக்கொண்டு போய்விட்டன. வெள்ளைச் சீருடையும் வேண்டாம், மங்கலான பழைய சட்டை போதும். தலைக்குப் பூ வேண்டாம். காட்டுக்குள் போகப் பேசும் ஜீப்காரரின் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், முதல் நாள் பின்னேரமே போய் ஆளை நேரில் பாருங்கள்.

இவ்வளவுதான் சிக்கனம். இதை நீங்களே இரண்டு பயணத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். இனிச் சொல்லப்போவதை அப்படிக் கண்டுபிடிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் முறை போன அந்த வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காடு ஒன்று வரையச் சொன்னேன். பதினெட்டுப் பெண்பிள்ளைகள். பதினாறு பேர் பனங்கூடலை வரைந்தார்கள். ஒருத்தி அதற்குள் ஒரு ஆட்டையும் கட்டியிருந்தாள். சிரித்தேன், பிறகு வெட்கமாக இருந்தது. மழைக்காடு, வறட்சிக்காடு என்று நான் மூன்று மாதமாகப் படிப்பித்திருக்கிறேன். ஆறு காணாத, மலை காணாத தீவுப் பிள்ளைகளின் கண்ணில் அதெல்லாம் என்னவாக இருந்திருக்கும்?

அதிபர் ஒரு துறவிச் சகோதரி. போகலாம், ஆனால் பதினெட்டுப் பேரும் போவதென்றால் போங்கள், வசதியுள்ள பத்துப் பேர் மட்டும் என்றால் ஒருவரும் வேண்டாம் என்றார். நல்ல கட்டளை. நீங்களும் அதையே உங்களுக்கு இட்டுக்கொள்ளுங்கள். சிக்கனம் என்பதே கடைசிப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவதற்குத்தான்.

கடைசிப் பிள்ளையாக நின்றவள் ரெஜினா. தகப்பன் கடற்றொழில் செய்பவர். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. அவளை அனுப்பச் சொல்லிக் கேட்க வீட்டுக்குப் போனேன். தகப்பன் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கதிரை எடுத்துவரச் சொல்லிவிட்டு மரியாதையாகத்தான் மறுத்தார்.

"காட்டிலை என்ன ரீச்சர் இருக்கு? மரம்தானே. மரம் பாக்கவோ இவ்வளவு தூரம்?"

நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். மரம் பார்ப்பதே பெரிய விஷயம் என்று சொல்லியிருக்கலாம். குசினி வாசலில் ரெஜினா நிற்பதைக் கண்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"சிறுத்தை இருக்கு. உங்கடை மகளுக்கு நான் சிறுத்தை காட்டுவன்."

அவர் சிரித்து, அப்படியென்றால் போகட்டும் என்றார். அடுத்த நாள் வகுப்பு முழுவதும் சிறுத்தைக் கதைதான்.

துணைக்கு எங்கள் தையல் ஆசிரியை வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் குடும்பம், எதற்கும் பதறாத மனுஷி. ரயில், பஸ், பள்ளிக்கூட மண்டபம் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அடுத்த நாள் விடியக் காட்டு வாசலுக்குப் போக இரண்டு ஜீப் பேசியிருந்தேன். ஒன்றுதான் வந்தது. மற்றவர் வேறு பயணம் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம்.

ஒரு ஜீப்பில் ஒன்பது பிள்ளைகளை நெருக்கி ஏற்றலாம். இரண்டு நடையில் எல்லாரையும் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பதினெட்டுப் பேரை இரண்டாகப் பிரித்து, காலையில் ஒரு பாதி, பின்னேரம் ஒரு பாதி, இரண்டு முறையும் நான் கூடப் போவது, மற்றப் பாதி வாசலில் தையல் ரீச்சரோடு நிற்பது என்று முடிவெடுத்தேன். சீட்டுக் குலுக்கினோம். ரெஜினா பின்னேரப் பாதியில் விழுந்தாள்.

வாசலில் எங்களோடு ஒரு வழிகாட்டியை ஏற்றினார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர், ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, வெறுங்கால். தமிழ் கொஞ்சம் பேசுவார். ஜீப்பை ஓட்டியவர் புத்தளம் பக்கத்து முஸ்லிம் ஆள், தமிழ்தான் அவருக்குத் தாய்மொழி.

காலையில் உள்ளே போய்க் கால்மணி நேரம் ஆகவில்லை. செம்மண் பாதையின் நடுவில் சிறுத்தை படுத்திருந்தது. வீட்டு முற்றத்தில் படுத்திருக்கும் நாயைப்போல எழுந்து, எங்களைப் பார்த்து, சோம்பல் முறித்துவிட்டுப் பற்றைக்குள் போயிற்று. ஒன்பது பிள்ளைகளும் மூச்சு விடவில்லை. வாசலுக்குத் திரும்பியபின் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நீளம் சொன்னாள். வாசலில் நின்ற ஒன்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெஜினா என்னைத்தான் பார்த்தாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். மான் கூட்டம், மயில், கீரி, தண்ணீரில் முதுகு மட்டும் தெரிந்த ஒரு முதலை. இன்னொரு நாளாக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவையே பார்த்தார்கள், நானும்தான். நாலரை மணிக்கு வழிகாட்டி திரும்பலாம் என்று கையைக் காட்டினார். ஆறு மணிக்கு வாசலைப் பூட்டுவார்கள், திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இன்னும் ஒரு வில்லு மட்டும் பார்ப்போம் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், நேரம் போதாது என்றார். நான் விடவில்லை. பிள்ளைகள் தீவில் இருந்து வந்தவர்கள், இனி எப்போது வருவார்களோ என்றெல்லாம் சொன்னேன். சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அதற்காக நான் கேட்கவில்லை. ஒரு தகப்பனிடம் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லைக் காப்பாற்றக் கேட்டேன். ஜீப்காரர் எனக்காகப் பரிந்து பேசினார். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் முன்னால் திரும்பி இருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அனுபவமுள்ள ஒருவர் பேசாமல் இருந்தால் அது சம்மதம் அல்ல. அதைத் தெரிந்துகொள்ளும்போது எனக்கு முப்பத்தாறு வயது.

அந்த வில்லின் கரையில் ஜீப் திரும்பும்போது புதைந்தது. மேலே காய்ந்து வெடித்த மண், கீழே சேறு. பின் சக்கரம் இரண்டும் அரைவாசிக்கு இறங்கிவிட்டன. அதே நேரம் வில்லின் மறுபக்கத்துப் பற்றையில் இருந்து ஒரு பெண்யானை வெளியே வந்தது. காலடியில் குட்டி.

வழிகாட்டி கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். ஜீப்காரர் நிறுத்தினார், ஆனால் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னிடம் திரும்பி மெல்லிய குரலில் சொன்னார்: "எல்லாரும் இறங்கித் தள்ளினா வந்திடும் ரீச்சர். அது இஞ்சால வரமுந்திப் போயிடலாம்."

யானைக்கும் எங்களுக்கும் இடையில் நல்ல தூரம் இருந்தது. காற்று அதன் பக்கமிருந்து எங்கள் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. தள்ளலாம் போலத்தான் இருந்தது. ஒன்பது பிள்ளைகளும் இறங்க ஆயத்தமாகக் காலைத் தூக்கிவிட்டார்கள். அப்போது ரெஜினா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ரீச்சர், காத்து திரும்புது. இப்ப எங்கடை முதுகிலை படுது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வழிகாட்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். ஜீப்பின் தரையில் கிடந்த புழுதியில் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் உதிர்த்தார். அது யானை நின்ற பக்கமாகப் போயிற்று. அவளுக்குத் தலையாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"இறங்க வேணாம். உள்ள இருந்தா அதுக்கு நாங்க ஒரு பெட்டி. இறங்கினா மனுசன்."

ஜீப்காரரும் வழிகாட்டியும் என் வாயைப் பார்த்தார்கள். வாடகை பேசியவள் நான், நான் இறங்கச் சொன்னால் ஜீப்காரர் இறங்கிவிடுவார். என் பதற்றத்துக்கு ஏற்றது அவருடைய யோசனைதான். ஏதாவது செய்துகொண்டிருந்தால் பயம் தெரியாது. இருந்தாலும் ஒன்றை மட்டும் நினைத்துப் பார்த்தேன். ஜீப்காரருக்கு வண்டியில் கவலை. எனக்கு என் வாக்கில் கவலை. அந்த வழிகாட்டிக்கு அந்த இடத்தில் பிள்ளைகளைத் தவிர வேறு கவலை இல்லை. இறங்க வேண்டாம் என்றேன். இப்படியொரு நெருக்கடியில் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாவிட்டால், தனக்கென்று எதையும் காப்பாற்ற வேண்டியில்லாதவர் யார் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

யானை தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் நீட்டியது. பிறகு வில்லைச் சுற்றிக்கொண்டு நேரே வந்தது. ஒரு வகுப்பறை அகலத்துக்கு வந்து நின்றது. ஒரு பிள்ளை விம்மத் தொடங்க, பக்கத்தில் இருந்தவள் அவள் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். குட்டி வந்து முன் சக்கரத்து மட்காட்டை மணந்து பார்த்தது. தாய் அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, ரெஜினா இருந்த பக்கமாகத் தலையைக் கொண்டுவந்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். பதினெட்டு வருடம் படிப்பித்தவள், பிள்ளைகளுக்குப் பொறுப்பாக வந்தவள், கண்ணை மூடிக்கொண்டு அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன். திறந்தபோது இரண்டும் தண்ணீர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவை குடித்து, சேறு பூசி, காட்டுக்குள் மறையும்வரை வழிகாட்டி நீட்டிய கையை இறக்கவில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

பிறகு கொப்புகளை முறித்துச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்தார்கள். பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். வள்ளம் கரையேற்றும்போது பிடிகொடுத்துப் பழகியவர்கள், இரண்டாம் தள்ளலில் ஜீப் வெளியே வந்துவிட்டது.

வாசலுக்கு வந்து சேர ஏழு மணி. தையல் ரீச்சர் மற்றப் பிள்ளைகளை வட்டமாக இருத்திச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். பொறுப்பதிகாரி லாம்போடு நின்றார். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஏன் நேரம் கடந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் வழிகாட்டி முன்னால் போய்ச் சிங்களத்தில் பதில் சொன்னார். எனக்கு விளங்குமளவுக்குச் சிங்களம் தெரியும். தான்தான் அந்த வில்லுக்குக் கூட்டிப்போனதாக, நேரத்தைக் கவனிக்காமல் விட்டதாகச் சொன்னார். அதிகாரி பதிவுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்.

நான் பேசாமல் நின்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பயம். அதிபருக்குத் தெரிந்தால் இனிப் பயணம் இல்லை என்ற பயம். பிள்ளைகளுக்கு முன்னால் ஏச்சு வாங்கும் வெட்கம். அவராகத்தானே சொன்னார் என்று ஒரு சமாதானமும் இருந்தது. மண்டபத்துக்கு வந்து பிள்ளைகளைச் சாப்பிட வைத்தோம். என்னோடு காட்டுக்குள் இருந்த ஒன்பது பேரும் நான் கெஞ்சியதைக் காதால் கேட்டவர்கள். யானைக் கதையை மற்றவர்களுக்கு எவ்வளவோ சொன்னார்கள். ஏன் அவ்வளவு தூரம் போனோம் என்பதை மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. மற்றவர்கள் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். எனக்காகத்தான். ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அவர்களாகவே முடிவெடுத்துவிட்டார்கள். வாசலில் நான் நின்ற மாதிரியே அவர்களும் நின்றார்கள். அவ்வளவு விரைவாக வேறு எதையும் நான் அவர்களுக்குப் படிப்பித்ததில்லை.

தையல் ரீச்சரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"விடிய நீர் வாசலுக்குப் போயிட்டு வாரும். பிள்ளையளை நான் பாக்கிறன்" என்றார்.

அடுத்த நாள் அனுராதபுரத்தின் பழைய நகரத்தைப் பார்ப்பதாக இருந்தோம். அது இல்லாமல் போயிற்று. அந்த இழப்பும் என் கணக்கில்தான் சேரும். விடியக் காட்டுப் பக்கம் போன ஒரு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏறிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அதிகாரியிடம், வழிகாட்டி மறித்தார், நான்தான் வற்புறுத்தினேன் என்றேன். அவர் ஒரு தாளைத் தந்து எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தேன். வாசித்துவிட்டு, இரவு எழுதிய வரியை வெட்டிவிடுவதாகச் சொன்னார். ஆனால் இதை எழுதித் தந்தபிறகு உங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருடம் அனுமதி தருவதற்கில்லை என்றார். சரி என்றேன். நியாயமான மனிதர்.

வழிகாட்டியை அன்று ஜீப்பில் ஏற்றவில்லை, வேலி திருத்த விட்டிருந்தார்கள். போய்ப் பார்த்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார்:

"பிள்ளைகள் பார்க்கும்போது ரீச்சருக்கு ஏச்சு வேணாம். பிறகு பிள்ளைகள் ரீச்சர் சொல் கேட்காது."

அந்த ஒரு வாசகத்தில் இருந்த கனிவுக்கு நான் இன்றுவரை கைமாறு செய்யவில்லை. அவர் நினைத்தது பிழை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணுக்காகத் தன் வேலையைப் பணயம் வைக்க எனக்கு வருமா என்று தெரியாது.

ரயில் மதவாச்சி கடந்தபின், பதினெட்டுப் பேரையும் என் பக்கம் திரும்பச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். வழிகாட்டி பழியை எடுத்தபோது நான் பேசாமல் நின்றதையும் சொன்னேன். அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் அங்கே போகமுடியாது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ரெஜினாவின் தங்கை அடுத்த வருடம் எட்டாம் வகுப்புக்கு வருபவள்.

"அப்ப தங்கச்சியவையள் வரேலாதோ ரீச்சர்?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள்.

"ஏலாது" என்றேன்.

நான் ரெஜினாவைப் பார்த்து, தகப்பனுக்குக் கொடுத்த வாக்கையும் நான் காப்பாற்றவில்லை, சிறுத்தை காட்டவில்லை என்றேன். வீட்டில் போய் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.

"யானைக்கு இவ்வளவு நீட்டுக் கண்மயிர் இருக்கு எண்டு சொல்லுவன்" என்று தன் சுண்டுவிரலைக் காட்டினாள். "கிட்டத்திலை பாத்தனான்."

"பிறகு?"

அவள் யோசித்தாள்.

"பிறகு, நீங்கள் இப்ப சொன்னதையும் சொல்லுவன்."